அறுபத்தோரு கிலோ

மூஞ்சிக்கல்லில் டயர்க் கடைக்கு மேலே
இரும்புப் படி ஏறினால் ஹபீப்பின் ஜிம்.
காலை ஆறு மணிக்குக் கம்பியைத் தொட்டால்
ஏரிக்குள் கைவிட்ட மாதிரி.
கையுறை வேண்டாம், தோல் பழகட்டும் என்பான்.
ஐம்பத்தெட்டு வயதுத் தோல்
இனி எதைப் பழகும் என்று முதல் நாள் நினைத்தேன்.

படகுத்துறைக் கூண்டுக்குள்
முப்பத்தோரு வருடம் டிக்கெட் கிழித்தவள்.
ஊர் ஊராக வந்து மிதித்துவிட்டுப் போனார்கள்,
நான் உட்கார்ந்திருந்தேன்.
என்னிடம் தசை என்று ஒன்று இருந்ததே
அது போன பிறகுதான் தெரிந்தது.

தெரிந்த நாள் தை மாதம். புல்லெல்லாம் உறைபனி.
விடியுமுன் குளியலறையில் சத்தம்,
வாளி உருண்டது என்றுதான் நினைத்தேன்.
மிக்கேல் தரையில் கிடந்தார்,
ஒரு காலில் மட்டும் செருப்பு.
எலும்பு முறியவில்லை. எழ முடியவில்லை, அவ்வளவுதான்.
அக்குளில் கைகொடுத்து இழுத்தேன்.
போர்வையைச் சுருட்டி இடுப்பில் கொடுத்து இழுத்தேன்.
அவர்மேலேயே விழுந்தேன்.
முதலில் இருவரும் சிரித்தோம்.
பிறகு அவர் உதடு நீலமாயிற்று.

எங்கள் வீடு ரோட்டிலிருந்து எழுபத்திரண்டு படி கீழே.
கேஸ்காரர் படிக்கணக்கில் கூலி கேட்கிற வீடு.
போனில் எழுப்பி, அவர்கள் ஸ்வெட்டர் தேடி,
வழுக்கும் படியில் பார்த்துப் பார்த்து இறங்கி வர
நாற்பது நிமிடம்.
நாற்பது நிமிடமும் என் மடியில் தலைவைத்து
மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார் அந்த மனிதர்.

அடுத்த திங்கள் வத்தலக்குண்டில் டாக்டர்
அவரைத் தராசில் ஏற்றினார். அறுபத்தொன்று.
மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன்.

"என்னம்மா, இடுப்பு குறையணுமா?" என்றான் ஹபீப்.
"அறுபத்தோரு கிலோவைத் தரையிலேருந்து தூக்கணும்."
அவன் சிரிக்கவில்லை.
ஒரு துடைப்பக் கட்டையைக் கையில் கொடுத்தான்.
இரண்டு வாரம் அதுதான்.
"முதுகை வளைக்காதீங்க. பின்பக்கமாத் தள்ளுங்க.
ரெண்டு கையிலயும் சட்டி இருக்கறப்ப
கதவை எதால சாத்துவீங்க? அப்படி."
அட, இதுவா. இது தெரியுமே எனக்கு.

பங்குனியில் வெறும் கம்பி, இருபது.
சீசன் கூட்டம் ஏறும்போது முப்பது.
பயல்கள் கண்ணாடியைப் பார்த்துத் தூக்குவார்கள்,
நான் சுவரில் ஊறிய ஈரக்கறையைப் பார்த்து.
தொடை வலியில் படியிறங்குவது நண்டு நடை.
ராத்திரிக்குச் சுண்டலும் முட்டையும்.
ஆடிக் காற்றில் நாற்பத்தைந்து.
மூச்சு வாங்கி நிற்கிற படி
நாற்பதாவதிலிருந்து அறுபதாவதுக்கு மாறியது.

நேற்று ஐம்பத்தைந்து.
தரையை விட்டு எழுந்தது, முழங்கால் தாண்டியது, நின்றேன்.
கீழே யாரோ டயருக்குக் காற்றடித்தது
என் காதுக்குள் கேட்டது.
இறக்கியபோது இரும்புத் தட்டுகள் நடுங்கி அடங்கின.

நேற்றே மதியம் வத்தலக்குண்டு.
தராசில் மிக்கேல். முள் நின்றது
ஐம்பத்தாறில்.

திரும்பும் பஸ்ஸில் நான் பேசவில்லை.
டம்டம் பாறை வளைவில் என் தோளில் சாய்ந்து தூங்கினார்.
பாரமே தெரியவில்லை.
ஒரு கிலோதான் பாக்கி.
நான் ஏறி வந்தேன் என்று நினைத்திருந்தேன்,
அவர் இறங்கி வந்துகொண்டிருந்திருக்கிறார்.
இப்படிக் கிடைக்கிற எண் எனக்கு வேண்டாம்.

இன்று ஜிம்முக்குப் போகவில்லை.
அடுப்படி நாற்காலியில் அவரை உட்காரவைத்து
"எழுந்திருங்க, கை ஊன்றாம" என்றேன்.
ஊன்றினார். மறுபடி ஊன்றினார்.
மூன்றாவதில் ஒரு கையை மட்டும்.
நாலாவது பாதியில் நின்று, அங்கேயே யோசித்து,
திரும்ப உட்கார்ந்தார்.
"நீதான் தூக்கப் பழகிட்டியே, நான் எதுக்கு?"

பதில் சொல்லாமல் முட்டையை உரித்து வைத்தேன்.
ஒன்று. இன்னொன்று.
"சாப்பிட்டு எடை போடுங்க" என்றேன்.
"ஹபீப்கிட்ட இன்னும் நிறையத் தட்டு இருக்கு."