அடிக்கணக்கு

கீதா காலனியில் மூன்றாவது துளை.
மார்ச் மாதம், காலை ஏழரை,
யமுனைக்கு இந்தப் பக்கம்.
அறுபத்து மூன்றரைக் கிலோச் சம்மட்டி
ஒவ்வொரு முறையும் முக்கால் மீட்டர் விழ வேண்டும்,
கூடாமல், குறையாமல்.
கயிற்றை இழுப்பவர் ராம்ப்ரீத் சஹனி.
விடுகிறார். விழுகிறது. இந்தியில் எண்ணுகிறார்.
நான் உள்ளுக்குள் தமிழில்.
இருவர் கணக்கும் ஒத்துப்போனால்
பென்சிலால் எழுதிக்கொள்வேன்.

முதல் பதினைந்து சென்டிமீட்டர் சேர்த்தியில்லை.
துளையிட்டதில் கலங்கிய மண் அது,
கேட்பதற்கு முன்பே உளறும்.
அடுத்த முப்பதுதான் வாக்குமூலம்.

ஒன்பது மீட்டர் ஆழத்தில் பதினோரு அடி.
சாப்பாட்டுக்குப் பின், நாலு எட்டு தள்ளி,
அதே ஆழம்: பதினேழு.
மண்ணா மாறியது?
காலையில் ராம்ப்ரீத்தின் தோள்,
மதியம் அவர் மைத்துனன் பிந்தேஷ்வரின் தோள்.
கயிறும் கொஞ்சம் நனைந்திருந்தது.

பதினொன்றை ஒருவர் சூத்திரத்தில் போட்டால்
நடுக்கம் இந்த மண்ணில்
நொடிக்கு நூற்றெண்பது மீட்டர் போகும்.
பதினேழை இன்னொருவர் சூத்திரத்தில் போட்டால்
இருநூற்று அறுபது.
இரண்டு சூத்திரமும் அச்சில் இருக்கின்றன.
இரண்டிலும் பொடி எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு:
வேறு மண்ணுக்குப் பொருந்தாமல் போகலாம்.

குழாயைப் பிளந்தோம்.
சாம்பல் மணல், அபிரகம் மினுங்க,
ஈரமாய், ஒரு முழம்.
இந்த முழம் நாலு தெருவுக்குச் சாட்சி சொல்ல வேண்டும்.
துளைக்கும் துளைக்கும் நடுவே
ஆறு எந்தக் காலத்திலோ படுத்துப் புரண்ட இடத்தை
ஸ்கேல் வைத்து இணைக்கிறேன்.
ஆறு ஸ்கேல் பிடித்துப் போனதாக
யாரும் கண்டதில்லை.

இரவு, கணினியில்,
இமயத்தின் அடியில் ஒரு பிளவு வழுக்குகிறது
என்று வைத்துக்கொள்கிறேன்.
பாறைவரை வந்து சேரும் ஆட்டம் ஒன்றே
(அதுவும் சந்தேகம்தான், இன்றைக்கு விடுவோம்).
மேலே கிடக்கும் மண்ணை மட்டும்
ஆயிரம் விதமாய் மாற்றிப் போடுகிறேன்.
ஆயிரம் கோடுகள் எழுகின்றன,
சிக்கெடுக்காத கூந்தல் போல.
ஒன்றரை மடங்கு. இரண்டரை மடங்கு.
பலமாக உலுக்கினாலோ
அதே இளகிய மண் தானே நெகிழ்ந்து
ஆட்டத்தில் கொஞ்சம் விழுங்கியும் விடுகிறது.
கெட்டி நல்லது, இளக்கம் கெட்டது என்றிருந்த நான்
அந்த ஒரு பத்தியை எழுத இரண்டு நாளாயிற்று.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் நாக்பால் கேட்டார்:
"எல்லாம் சரி மேடம், ஒரு நம்பர் சொல்லுங்கள்.
தூணைத் தடிமனாக்க எஸ்டிமேட் வாங்க வேண்டும்."
வரைபடத்தில் சாம்பல் பட்டையைக் காட்டினேன்.
"இதில் எங்கள் கட்டடம் எங்கே?"
"இதற்குள் எங்கோ."
துணிக்கடையில் கரை பார்ப்பது போல
தடவிப் பார்த்தார்.
நட்டநடுவில் விரலை வைத்து,
"இதையே எழுதிவிடுங்கள்."
நடுக்கோடு, ஐயா,
அந்த ஆயிரத்தில் ஒன்றுகூட நடந்துபோன வழியில்லை
என்று சொல்ல வாயெடுத்தேன்.
டீ வந்தது.

நான் இருப்பது மயூர் விஹாரில், நாலாவது மாடி, வாடகை.
அதன் அடியில் என்ன என்று
ஒருவரும் துளையிட்டதில்லை.
வீட்டுக்காரரிடம் கேட்டேன்.
"நல்ல மண்தான்" என்றார்.

அறிக்கை அனுப்ப வேண்டிய இரவு,
பத்து மணிக்கு ராம்ப்ரீத் போன் செய்கிறார்.
அடுத்த வேலை நொய்டாவில், ரயில் பிடிக்க வேண்டாம்,
ஊருக்குப் பணம் அனுப்பியாயிற்று, எல்லாம் சொல்லிவிட்டு,
"மேடம், அந்த ஒன்பது மீட்டரில்
ஒரு அடி சரிந்து விழுந்தது.
முழுசாக விழவில்லை. சொல்ல மறந்துவிட்டேன்."

நோட்டைப் புரட்டுகிறேன்.
பதினொன்று, பென்சிலில், இருக்கிறது.
ரப்பரும் கையில் இருக்கிறது.
பத்து என்று போடுவதா?
பத்தரை என்றா?