தகடு எண் 41

பாசலில், ரைன் நதியை ஒட்டிய நிலவறையில் வேலை.
பருத்திக் கையுறை, குளிர்ந்த விளக்கு,
பழைய கண்ணாடித் தகடுகளுக்கு எண் போடுவது.

நாற்பத்தொன்று:
தலையும் கையும் இல்லாத ஒருத்தி.
பளிங்கு என்கிறது பேரேடு.
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால்
நல்ல கருங்கல்.
எண்ணெய் மட்டும்தான் சார்த்தவில்லை.
ஒரு நொடி
செருப்பைக் கழற்றப் போனேன்.

1858, நவம்பர்.
மண்டபத்தில் ஒளி போதாது என்று
உருளைக்கட்டைகள் மேல் அவளை
முற்றத்துக்கு நகர்த்தியிருக்கிறார்கள்,
நாலு பேர், தேருக்குப் போடுவதுபோல்
முட்டுக்கட்டை போட்டுப் போட்டு.
மூடுபனி விலகப் பகல் பதினொன்று.
படமெடுத்தவர் எமில் ஓப்பர்லின்.
ஈத்தர் நெடி. தகட்டின் ஈரம் காய்வதற்குள்
எல்லாம் முடிந்தாக வேண்டும்.
மூடியைக் கழற்றிவிட்டு
நாற்பது வரை எண்ணியிருப்பார், வாய்விட்டு.

அவளுக்கென்ன கஷ்டம்?
கண்ணே இல்லாதவள் எதை இமைப்பாள்.
தேவர்களை இமையோர் என்று
சும்மாவா சொன்னார்கள் எங்களூரில்.

கஷ்டமெல்லாம் அவளுக்குப் பின்னால்.
பேரேட்டில் ஒரு வரி:
'கறுப்புத் துணி பிடித்த காவலாள் பால்ஸ் ரூடினுக்கு
ஒரு பிராங்க்.
இருமியதற்காக இருபது ராப்பன் பிடித்தம்.'

பிறகு ஓப்பர்லின்
செங்காவி மையில் தூரிகை தோய்த்து
அவள் தோளோரம், இடுப்போரம்
மூச்சடக்கிப் பூசிக்கொண்டே போய்
துணியை மறைத்தார், சுவரை மறைத்தார்,
பாசலையே மறைத்தார்.
இன்னொரு தகடு ஏன் எடுக்கவில்லையோ.
மேகம் வந்திருக்கும்.
முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளில்
எந்த ஊருமில்லாத வெண்மையில்
அவள் அச்சேறினாள்.
பேராசிரியர்களுக்கு அப்படித்தான் பிடித்தது.
(மஞ்சள்கருவை யார் தின்றார்கள்
என்று பேரேட்டில் இல்லை.)

தகட்டைத் திருப்பி
விளக்குக்குச் சாய்த்தால் மட்டும்
மைக்கு அடியில் தெரிகிறது:
பதினேழிலோ பதினெட்டிலோ
துணி குலுங்கிய கலங்கல்.
மேல் மூலையில் ஒரு கட்டைவிரல்,
அவளைப் போலவே கறுப்பாக.
முழுப்படத்திலும் நகம் உள்ளது
அது ஒன்றுதான்.

என் கறுப்பு ஸ்வெட்டர் கையை
அடியில் கொடுத்துப் பார்க்கிறேன்.
சட்டென்று அவள் வெள்ளையாகிறாள்.
விரலும்.

'படத்தில் உள்ளவை' என்று படிவம் கேட்கிறது.
பெண் உருவம், பளிங்கு, ரோமானியப் பிரதி
என்று அடித்துவிட்டுக்
காற்புள்ளி வைத்தேன்.
திரையில் கர்சர்
இமைத்துக்கொண்டிருக்கிறது.
மாடியில் யாரோ இருமுகிறார்கள்.