சிங்கிக்கு அடியில்

இரண்டு நாளாய்த் தண்ணீர் இறங்கவில்லை.
தட்டு கழுவியது மங்கலாய்த் தேங்கி
டியூப் லைட்டைக் காட்டிக்கொண்டிருந்தது.
கியோங்குக்குப் போன் போட்டேன்.
எண்பது வெள்ளி, சனிக்கிழமைதான் வருவேன் என்றான்.
எண்பது வெள்ளிக்கு
நானே குனிவேன்.

வாளியை வைத்தேன்.
பழைய துண்டை முழங்காலுக்கு விரித்தேன்.
டார்ச் லைட்டை அரிசி டின்மேல் சாய்த்தேன்.

எனக்கு இந்தக் குழாயைத் தெரியும்.
பொரித்த எண்ணெயை ஒருநாளும் இதில் ஊற்றியதில்லை.
மைலோ டின்னில் ஆறவைத்துக்
குப்பை வண்டிக்குக் கொடுத்துவிடுவேன்.
சட்டியை முதலில் பழைய பேப்பரால் துடைத்து
அப்புறம்தான் சோப்பு.
இராத்திரி சல்லடையைத் தட்டி உதறாமல்
படுத்ததில்லை.
வெள்ளிக்கிழமைகளில் ஒரு கெண்டி சுடுநீர்,
கொதி தணிந்தபின்.
கொதிக்கக் கொதிக்க விட்டால் பிளாஸ்டிக் நெளியும்.

சுங்காயைச் சுற்றி எங்கே பார்த்தாலும் செம்பனை.
மில் காற்று அடித்தால்
கொடியில் காயும் துணியிலும் பிசுபிசுப்பு.
குலையை லோரியில் ஏற்றி அனுப்பிவிட்டு
எண்ணெயைப் பாக்கெட்டில் காசு கொடுத்து வாங்கி
அதையும் குழாயில் கொட்ட
நான் என்ன கணக்குத் தெரியாதவளா?

பிறகு எப்படி அடைத்தது?

மரை கழன்றது.
முதலில் வாடை.
அப்புறம் வாளிக்குள் ஒரு கட்டி,
தொப்பென்று.

குச்சியால் கிளறினேன்.
சோறு.
எண்ணெய் இல்லை, முடி இல்லை. சோறு.
ஊறி வெளுத்து, கைப்பிடி கைப்பிடியாய்.
திங்கட்கிழமை சம்பாலின் நெத்திலி
தலையும் வாலுமாய் முழுசு முழுசாய்.
செவ்வாய்க்கிழமை கட்டிக்கொடுத்த கூட்டு,
ஒரு பருப்பிலும் பல் படாமல்.

ஐந்தரைக்கு மில்லிலிருந்து வருவார் தர்மசீலன்.
முகம்கூடக் கழுவாமல்
கேரியரைக் கழுவிக் கவிழ்ப்பார்.
"நல்லா இருந்துச்சா?"
"ம்."
பக்கத்து வீட்டு காக் நோராயினியிடம்
பெருமையாய்ச் சொல்லியும் வைத்திருந்தேன்,
எங்கள் வீட்டு ஆள் பாத்திரம் கழுவுவார் என்று.
சல்லடையைத் தூக்கி ஓரமாய் வைத்துவிட்டு
விரலால் தள்ளித் தள்ளி விட்டிருக்கிறார்.

முதலில் என் உப்பைச் சந்தேகித்தேன்.
அப்புறம் கேன்டீன் பிரேமாவதியை.
அவள் சிரிப்பை நினைத்துக்கொண்டு
குழாயைப் பழைய டூத் பிரஷால்
தேவைக்கு மேலேயே தேய்த்தேன்.
தேய்க்கும்போதுதான்
ஒவ்வொன்றாய் வந்தது:
ஞாயிற்றுக்கிழமை முறுக்கைத் தேநீரில் ஊறவைத்தது.
ஐஸ் வேண்டாம் என்றது.
வலப்பக்கமே திரும்பிப் படுப்பது.

வந்தார்.
வாளி வழியிலேயே இருந்தது.
பார்த்தார்.
ஒரு பூட்ஸ் காலில், ஒரு பூட்ஸ் கையில்.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
டார்ச் என் கையில்தான் இருந்தது.
"வாயத் தொறங்க."

இடப்பக்கம், கீழ்க் கடைவாய்.
கறுத்துப் பாதி உடைந்த பல்.
சுற்றிலும் வீங்கிய ஈறு.
"எத்தன நாளா?"
மூன்று விரல் காட்டினார்.
நாள் இல்லையாம், வாரம்.
"டவுன் கிளினிக்ல நூத்தி இருபது கேக்குறான்,"
வாயை மூடாமலே சொன்னார்.
"சோத்த ஏன் மறைச்சீங்க?"
"நீ அஞ்சு மணிக்கே எழுந்திரிக்கிற."

இதற்கு என்ன பதில் சொல்வது.
எனக்குக் கோபம்தான் வந்தது.
இருபத்திரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்து
குழாய் சொல்லித் தெரிய வேண்டியிருக்கிறது.

இராத்திரிக்குக் கஞ்சி.
உப்புப் போட்ட வெந்நீர் ஒரு டம்ளர்,
கொதி தணிந்தபின்.
காலையில் தாப்பா அரசாங்கக் கிளினிக்,
ஏழு மணிக்கெல்லாம் நம்பர் எடுக்க வேண்டும்.

குழாயை மறுபடி பூட்டினேன்.
தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது.
வாஷர் மட்டும் சரியாய் உட்காரவில்லை,
சொட்டுகிறது.
அடியில் கேரியரின் மேல்தட்டை வைத்திருக்கிறேன்.
நாளைக்கு அது தேவைப்படாது.