ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது

பூங்காச் சுவரில் கவிதை பதிக்கிறோம் என்று
அத்தோ வண்டியை இரண்டு நாள் எடுக்கச் சொன்னார்கள்.
முட்டைகோஸ் வாடியது. நஷ்டம் எழுநூறு.
எனக்குக் கவிதை அறிமுகமானது அப்படித்தான்.

எஃகு எழுத்துகள் சாக்குப்பையில் வந்தன,
ஒவ்வொன்றின் முதுகிலும் ஓர் எண்.
சுதாம் பிசோயிக்குத் தமிழ் தெரியாது, எண் தெரியும்.
சாரத்தில் நின்று ஒடியாவில் எண்ணி எண்ணி
ஐம்பத்தொன்பதையும் முறுக்கினான்.
புள்ளிகளுக்கு மட்டும் எண் இல்லை.
அவை தனியாக ஒரு டீ கிளாஸில் கிடந்தன.

கடைசி வரி:
இங்கே அயலார் இல்லை.

திறப்பு விழாவில் மேளம், சால்வை, குளிர்பானம்.
சாரம் கட்டியவர்களைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொன்னார்கள்.
சுதாம் ஒரு பிளேட் வாங்கி,
பேஜோ நொறுக்கிப் போட்டுத் தின்றபடி
அந்த வரியைக் காட்டி என்ன என்றான்.
எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன்.
"ஜோக்கா, அக்கா?"

பர்மாவை நான் பார்த்ததே இல்லை.
அப்பாவின் அட்டையில்தான் 'தாயகம் திரும்பியவர்' என்று முத்திரை.
நான் பிறந்தது வியாசர்பாடியில்,
கணேசபுரம் சுரங்கப்பாலத்துக்கு இந்தப் பக்கம்.
ஐம்பத்திரண்டு வயசிலும்
தண்ணீர் லாரிச் சண்டையில் என்மேல் விழும் முதல் வார்த்தை
பர்மாக்காரி.

ஆடியில் ஒரு ராத்திரி மூன்று எழுத்து காணாமல் போனது.
எஃகு, எடைக்குப் போகும்.
விடிந்தபோது சுவர் சொன்னது:
இங்கே அயலார்.

அதைப் படித்துவிட்டுத்தானோ என்னவோ
போலீஸ் நேரே ஒடியாப் பையன்கள் அறைக்குப் போனது.
பதினொரு பேரைத் தரையில் உட்காரவைத்து ஆதார் கேட்டது.
பழைய இரும்புக் கடைப் பக்கம் ஒருவரும் போகவில்லை.
இன்ஜினியர் வந்து பார்த்து, டெண்டர் விடணும் என்றார்.

நாலு மாசம் அந்த வரிக்குக் கீழேயே நின்று நூடுல்ஸ் பிசைந்தேன்.
சாப்பிட வருகிறவர்கள் நிமிர்ந்து சுவரைப் பார்ப்பார்கள்,
அப்புறம் என்னை.

கார்த்திகை மழை விட்ட ஒரு ராத்திரி சுதாம் வந்தான்.
இப்போது காசிமேட்டில் படகுக்கு வெல்டிங்.
கோணிக்குள் மூன்று தகரத் துண்டு,
டீசல் பீப்பாயில் வெட்டியது, நீலம் போகவில்லை.
சதாபன, அடாபன, அணசடி.
விரல் மறக்காத வடிவங்கள்.
சுவரில் பழைய ஓட்டைகள் அப்படியே இருந்தன.
லையின் கொம்பு தும்பிக்கையாக வளைந்துவிட்டது,
போகட்டும், பழைய எழுத்தில் அப்படித்தானே.

புள்ளிதான் இல்லை.
இங்கே அயலார் இலலை.
நான் உரக்கப் படித்தேன். அவனுக்கு வித்தியாசம் கேட்கவில்லை.
ஸ்டூலைப் போட்டு ஏறி
நெற்றியிலிருந்ததைப் பிய்த்து நடு ல மேல் ஒட்டினேன்.

ஸ்டிக்கர் பொட்டு, பத்து நாள் தாங்கும்.
விழுந்தால் இன்னொன்று ஒட்டலாம்,
அட்டை பத்து ரூபாய்.

அன்றைக்கு அவனிடம் காசு வாங்கவில்லை
என்று சொல்ல ஆசைதான்.
வாங்கினேன்.
முட்டைக்கு மட்டும் விட்டுக்கொடுத்தேன்.