நாற்பத்தொன்றுக்குப் பத்து

இரவல் வாங்கிய குழந்தை வண்டியில்
போர்வை சுற்றி ஏற்றியிருந்தேன்.
லிஃப்டில் ஐந்தாம் மாடிக்காரி குனிந்தாள்,
கொஞ்சுவதற்கு உதடு குவித்து.
உள்ளே முப்பத்தைந்து கிலோ இரும்பு.
"டிரான்ஸ்ஃபர் கேஸ்" என்றேன்.
ஓ, என்று நிமிர்ந்து
ஒன்பது வரை எண்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

எல்லாம் தம்பி திருமாறனால் வந்தது.
புல்வெட்டு ஒப்பந்தக்காரன்.
டிசம்பர் மழையில் லிம் சூ காங் பண்ணைப் பாதையில்
அவன் பிக்கப்பின் பின்சக்கரங்கள் இரண்டும்
சேற்றைக் கடைந்துகொண்டே இருந்தன,
வெண்ணெய் திரளும் என்று யாரோ சொன்னதுபோல.
முன்சக்கரங்கள் வேடிக்கை பார்த்தன.
கோழித்தீவன லாரி ஒன்று கட்டியிழுத்தது.
லாரிக்காரர் சிரித்த சிரிப்பை
யீஷூன் வரை கொண்டுவந்து
என் சோற்றுத் தட்டருகே வைத்தான்:
"அக்கா, முன்னாலயும் இழுக்கணும்."

பகலெல்லாம் பணிமனையில்
பேருந்துகளின் வயிற்றுக்குக் கீழே கிடப்பவள் நான்.
மாலையில் இன்னொரு வயிறு.

துவாஸில் பழைய இரும்பு விற்கும் தியோ
நானூற்றைம்பது வெள்ளிக்கு
முன் டிஃபரன்ஷியல் தந்தார்.
துணி காயும் கழிகளுக்கு அடியில்
டீசலில் குளிப்பாட்டி
முதல் பல்லில் சாக்கட்டியால் கோடிட்டு
எண்ணினேன்.
பெரியதில் நாற்பத்தொன்று, சின்னதில் பத்து.
பின்னச்சில் இருந்ததோ
நாற்பத்து மூன்று, பத்து.

"ரெண்டு பல்லுதானே?" என்றான்.
உன் வாயில் ரெண்டைக் கழற்றட்டுமா என்றேன்.

இரண்டு பல் பிசகினால்
முன்னும் பின்னும் ஒரே சாலையில்
வேறு வேறு ஊருக்குப் புறப்படும்.
எது உடையும் என்று சொல்ல முடியாது.
உடையும்.

பின்னச்சுக்கும் நாற்பத்தொன்று கிடைக்க
மூன்று வாரம்.

செம்பவாங்கில் ரொஹைசாட் வீட்டுப் போர்ட்டிகோ,
ஐந்து சனிக்கிழமைகள்.
நோன்பு மாதம். டார்ச் பிடித்தபடி
அவன் பசியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
நான் வண்டிக்கு அடியில் ஒளிந்து
தண்ணீர் குடித்தேன்.
புதிய பெட்டி இடத்தைத் தின்றுவிட்டதால்
பின் ஷாஃப்டை வெட்டிக் குறுக்கி
மறுபடி பற்றவைத்தோம்.
ஆணையத்துக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்தது:
பரிசீலனையில்.
சிஓஇ முடியும் தேதியும் வந்தது:
பதினோரு வாரம்.

இரவு இரண்டு மணி, அடுக்குமாடிக் கார்பார்க், 5A.
கியருக்குப் பக்கத்தில் முளைத்திருந்த
குட்டி நெம்புகோலை முன்னே தள்ளினேன்.
நான்கும் இழுத்தன.
ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்ததும்
வண்டி முனகியது, விந்தியது,
டயர்கள் கீச்சிட்டுத் தரையைக் கடித்தன.
திருமாறன் முகம் வெளுத்துவிட்டது.

பழுதில்லை என்றேன்.
திரும்பும்போது ஒவ்வொரு சக்கரத்துக்கும்
ஒவ்வொரு தூரம்.
சேறு என்றால் கொஞ்சம் வழுக்கிக் கணக்கை நேர்செய்துகொள்ளும்.
இது சிமெண்ட்.
துளியும் விட்டுக்கொடுக்காது.
நெம்புகோலைப் பின்னுக்கு இழுத்தேன்,
பெருமூச்சுபோல் ஒரு சத்தம், அவ்வளவுதான்.

பிறகு ஒரு நல்ல மழை நாளில்
விடுப்பு எடுத்துக்கொண்டு
லிம் சூ காங் போனோம்.

பாதைக்குத் தார் போட்டிருந்தார்கள்.
ஓரத்தில் வெள்ளைக் கோடு,
மழை அதன்மேல் அழகாக ஓடி
வாய்க்காலில் இறங்கியது.
தம்பி வண்டியை நிறுத்தாமல்
கடைசி வரை ஓட்டினான், திரும்பினான்.
கோழித்தீவன லாரி எதிரே வந்தது.
அந்த ஆள் கையசைத்தார். அடையாளம் தெரியவில்லை போல.

பதினோராம் வாரம், தியோ
முழங்காலிட்டு டார்ச் அடித்து
அடிவயிற்றை வெகுநேரம் பார்த்தார்.
யார் செய்தது என்று கேட்கவில்லை.
பேசிய விலைக்கு மேல்
ஐம்பது வெள்ளி எண்ணி வைத்தார்.

5A-வில் இன்னும் இருக்கிறது
அந்தக் கறுப்பு வளைவு.
பாதி வளைவின் மேல் யாருடையதோ
வெள்ளை ஹைப்ரிட் நிற்கிறது,
சத்தமே இல்லாமல்.