ஐந்து கிலோ பொன்னி

சும்மாவே எடுத்துக்கோ என்றார் அருளப்பன்.
குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்புகிறவர்.
சோபா, மீன்தொட்டி, இரண்டு ஏசி எல்லாம் விற்றுப்போய்
மிச்சம் கிடந்தது அந்த பேபி சீட் மட்டும்,
நீலத் துணியின் மடிப்பில் பிஸ்கட் தூளோடு.

புரட்டிப் பார்த்தேன்.
அடியில் பொறித்திருந்த வருடம் போன வருடம்.
"எங்கேயாவது இடிச்சுதா அண்ணே?"
"ஒரே தடவை. ரவுண்டானாவுல. பின்னாலேருந்து லேசா.
பையனுக்கு ஒரு கீறல் இல்ல தெரியுமா."

சோஹார் துறைமுகத்தில்
கிரேனுக்குக் கீழே நிற்பவன் நான்.
பளு ஏறும் முன் பட்டைகளைத் தடவிப் பார்ப்பது,
கொக்கி மாட்டுவது, கை காட்டுவது.
ஒருமுறை வெடுக்கென்று குலுங்கிய பட்டையை,
கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும்,
வெட்டித்தான் போடுவோம்.
எவனும் எடுத்துத் திரும்ப மாட்டிவிடக் கூடாதென்று
நட்டநடுவில்.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது.
"பெனிட்டாவுக்கு நீலம் பிடிக்காதுண்ணே" என்றேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம்
மாலின் முதல் தளத்தில்
பதினோரு சீட்டுகள் வரிசையாக,
ஒன்றிலும் ஆளில்லாமல்.
இருபது ரியாலில் தொடங்கிய விலை
என் ஒரு மாதச் சம்பளத்தில் போய் நின்றது.
பெனிட்டா இடுப்பில் கை வைத்தபடி
ஒன்றின் மெத்தையை அழுத்தினாள்,
இன்னொன்றின் குடையை விரித்து மூடினாள்.
நான் தையல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரோவெனா என்று பெயர் குத்திய பெண் வந்து
பாதி இந்தியில் கேட்டாள்: என்ன வண்டி?
பழைய சன்னி. பின்சீட்டில் கொக்கிக்கு வளையம் கிடையாது.
"அப்போ இந்த ஆறும் வேண்டாம்."
விலை கூடினவைதான் அந்த ஆறும்.
நல்ல சீட் என்று தனியாக எதுவும் இல்லையாம்.
அந்த வண்டியில் அசையாமல் உட்கார்வது,
தூக்கக் கலக்கத்திலும் நீங்கள் சரியாக மாட்டக்கூடியது,
அதுதானாம்.

"பிள்ளை எங்கே?"
பெனிட்டா வயிற்றைக் காட்டினாள். இன்னும் ஐந்து வாரம்.
ரோவெனா கீழே ஓடினாள்.
திரும்பியபோது இடுப்பில்
ஐந்து கிலோ பொன்னி.
"ஐயோ, அஞ்சு கிலோவா!" என்றாள் பெனிட்டா.

வண்டி நிறுத்துமிடத்தில் நாற்பத்திரண்டு டிகிரி.
பக்கிள் இரும்பு விரலைச் சுட்டது.
சீட்டைப் பின்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்து
முழங்காலால் அழுத்தி பெல்ட்டை இழுத்தேன்.
ஓரத்தில் குட்டி நீர்மட்டம்,
எங்கள் கிரேனில் இருப்பது போலவே.
குமிழி நகர்ந்து நகர்ந்து
நடுவில் நின்றது.

அரிசிக்குத் தோள் எங்கே என்று சின்னத் தகராறு.
ஒருவழியாக மாட்டினோம்.
கிள்ளிப் பாருங்கள் என்றாள்.
கிள்ளினேன். பட்டை விரல்களுக்குள் மடிந்து வந்தது.
"லூஸ்."
நாள் முழுக்க நான் மற்றவர்களிடம் கத்தும் சொல்.
இழுத்தேன். கிள்ளினேன்.
வழுக்கியது.

உங்களுக்குப் பிள்ளைகள்? என்றாள் பெனிட்டா.
"ஒருத்தன். ஏழு வயது. செபுவில்.
மாமாவோட பைக்கில் ஸ்கூலுக்குப் போறான்.
முன்னால, டேங்க் மேல."
சொல்லிவிட்டுக் குனிந்து
ஏற்கெனவே பார்த்த பக்கிளை
இன்னொரு தரம் பார்த்தாள்.

பணம் கட்டிவிட்டு வந்தால் புதுப் பிரச்சினை.
சீட்டுக்கு இடம்விட
முன்சீட்டை டேஷ்போர்டு வரை தள்ளியிருந்தோம்.
பெனிட்டாவும் வயிறும்
அங்கே உட்கார வழியில்லை.
கல்யாணமாகி மூன்று வருடத்தில் முதன்முறையாகப்
பின்னால் ஏறிக்கொண்டாள்.
டாக்ஸிக்காரன் மாதிரி நான்
முன்னால் தனியாக.

எண்பதைத் தாண்டவில்லை.
டிரெய்லர்கள் விளக்கடித்துத் திட்டிவிட்டுப் போயின.
கண்ணாடியில் அவள் முகம் தெரியவில்லை,
அரிசி மூட்டை மேல் கிடந்த கை மட்டும்.
எங்கள் தெருமுனை வேகத்தடையில்
சக்கரம் ஏறி இறங்கியபோது
"மெதுவா" என்றாள்.
"தூங்குது."