தசமப் புள்ளி

தொடுதிரை வேண்டாம் என்றேன்.
ஃபேர்லேண்ட்ஸ் மாடியறையில்
கட்டில்மேல் பழைய வேட்டியை விரித்து
நான்கு ஜிபிஎஸ் கருவிகளைப் பரப்பியிருந்தார் முனவர்,
மீன் விற்பவர்போல.
ஏற்காட்டுப் பனியில் நனைந்த விரலைத்
திரை நம்பாது.
பொத்தான் நம்பும்.
மஞ்சள் ரப்பர் தேய்ந்த ஒன்றை எடுத்தேன்.
சேலத்துக் குண்டு மாங்காயின் கனம்.
"இதுல கேமரா கிடையாது, பாட்டுக் கிடையாது,
எங்க நிக்கறீங்கன்னு மட்டும் சொல்லும்" என்றவர்
விலை சொல்லும்போது ஜன்னலைப் பார்த்தார்.

பிறகு சில்லறைச் சாமான்கள்:
மாற்று பேட்டரி இரண்டு ஜோடி,
கழுத்தில் மாட்டக் கயிறு,
ஈரத்தாளில் பேனா வழுக்கும் என்பதால் பென்சில்.
மருந்துக் குப்பிக்குள் சுருண்ட தாளை உருவ
ரெஜினா தன் புருவம் திருத்தும் இடுக்கியைத் தந்தாள்,
திருப்பித் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு.

மிளகுக்கொடி என்று தனக்குப் பெயரிட்டுக்கொண்ட யாரோ
ஒரு குப்பியை ஒளித்துவிட்டு
எண்களை மட்டும் விட்டுப்போயிருந்தார்கள்.
வடக்கே பதினொன்று, நாற்பத்தாறு புள்ளி ஏழு.
கிழக்கே எழுபத்தெட்டு, பன்னிரண்டு புள்ளி மூன்று.
அவள் வாசித்தாள், நான் அழுத்தினேன்.
அம்பு தெற்கே திரும்பியது.
"மலை அந்தப் பக்கம்ல இருக்கு?"
செயற்கைக்கோளுக்குத் தெரியாததா, என்றேன்.

ஆண்டகளூர் கேட் தாண்டி
ஒரு மரவள்ளிக் காட்டின் நடுவே
வந்து சேர்ந்தாயிற்று என்று கூவியது கருவி.
தலைக்குமேல் தடையற்ற வானம்.
பிழை: மூன்று மீட்டர்.
அவ்வளவு துல்லியமாகத்
தவறான இடத்தில்
நான் நின்றதே இல்லை.

மண்வெட்டியோடு வந்தார் காட்டுக்காரர் அர்த்தநாரி.
"எந்த ரோட்டுக்கு அளக்கறீங்க?"
அளக்கலைங்க, டப்பா தேடறோம்.
"யாரு டப்பா?"
தெரியாதுங்க.
"உள்ள என்ன இருக்கும்?"
பேர் எழுத ஒரு தாளு.
எங்கள் முகத்தையும் மஞ்சள் கருவியையும்
மாறிமாறிப் பார்த்தார்.
பிறகு மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு
அவரும் குனிந்து
வரப்போரம் தேட ஆரம்பித்தார்.

இரவில் ரெஜினா கண்டுபிடித்தாள்.
அந்த நாற்பத்தாறு, நிமிடம்.
நான் அதைத் தசமமாக அழுத்தியிருக்கிறேன்.
ஒரு புள்ளி நகர்ந்ததில்
முப்பத்தைந்து கிலோமீட்டர்.

அடுத்த ஞாயிறு, இருபது கொண்டை ஊசி வளைவும்
அம்பு வடக்கிலேயே நின்றது.
நாகலூர் சாலையில் இறங்கி நடந்தோம்.
சில்வர் ஓக் நிழலுக்குள் நுழைந்ததும்
அதற்குப் பித்துப் பிடித்தது.
பிழை ஒன்பது, பிழை பதினான்கு.
என்னை ஓடைக்கு அனுப்பியது,
திரும்பினால் பாறைக்கு.
ரெஜினா காலுறையிலிருந்து ஓர் அட்டையைப் பிடுங்கியபடி சொன்னாள்:
அணைச்சுடு.

அணைத்த பிறகுதான்
காப்பிச் செடிகளுக்குள் மழை சொட்டுவது கேட்டது.
கடைசிப் பதினான்கு மீட்டரைக்
கண்ணால்தான் கடக்க வேண்டும்.
ஒளித்தவரின் இடத்தில் நின்று யோசித்தேன்:
குட்டையானவரா? அவசரத்தில் இருந்தாரா?
இடது கைக்காரரா?
வேரோரம் ஒரு கல்,
பாசி அடிப்பக்கம் இருந்தது.
எந்தக் கல்லும் தானாக அப்படிப் படுக்காது.

தாளில் எட்டுப் பெயர்கள்.
ஒன்பது, பத்து நாங்கள்.
இடுக்கியைத் திருப்பித் தந்தேன்.

ஆண்டகளூர் மரவள்ளிக் காட்டில்
இப்போது ஒரு எவர்சில்வர் டப்பா இருக்கிறது.
அர்த்தநாரியிடம் கேட்டுத்தான் வைத்தோம்.
தாளில் முதல் பெயர் அவருடையது,
பெரிய எழுத்தில், பாதித் தாளுக்கு.
போன வாரம் போனில் கூப்பிட்டார்:
"இன்னும் ஒருத்தரும் வரலைங்க.
தண்ணி பாய்ச்சறப்ப டப்பாவைக் கொஞ்சம் நகத்திட்டேன்,
பரவால்லீங்களா?"
எவ்வளவு தூரமுங்க?
"நாலு எட்டு இருக்கும்."

பிழைக்குள் அடங்கும் என்றேன்.